நண்டின் இரைப்பையிலிருந்து கூர்ப்பு உறவு சொல்லும்போது நேரும் தவறுகள்

குருநகரிலோ பாசையூரிலோ வாங்கிய இறாலை ஆய்வுகூடத்தில் வெட்டும் மாணவர்களில் பலர், முதுகோரமாக வால்வரை ஓடும் கருங்கோட்டை இரைப்பை என்று குறித்துவிடுகிறார்கள். அது குடல். இரைப்பை தலைப்பகுதியில், கண்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. நீலக்கால் நண்டிலும் மேலோட்டைக் கழற்றினால் முன்புறம் நடுவில் தெரிகிற மெல்லிய பைதான் இரைப்பை. இருபுறமும் மஞ்சளாகப் பரந்திருப்பது சமிபாட்டுச் சுரப்பி.

பையைப் பிளந்து கழுவினால் மேலே ஒரு நடுப்பல், பக்கத்துக்கு ஒரு பல், அவற்றைத் தாங்கும் சுண்ணாம்பேறிய சிறு தகடுகள் எல்லாம் தெரியும். இவை எலும்பல்ல. வெளியோட்டைப் போன்ற கைட்டின் படலத்தில் உருவானவை. ஓடு கழலும்போது இவையும் கழன்றுவிடும். ஆகவே புதிதாக ஓடு கழற்றிய மெத்தென்ற நண்டை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம்.

உண்மையில் கவலை தருவது அடுத்த தவறு: பல் இல்லாத இரைப்பையைக் கண்டதும் "இதுதான் பழைமையானது" என்று முடிவுகட்டுவது. நன்னீர் இறாலான மக்ரோபிராக்கியத்தில் அரைக்கும் பற்கள் இல்லை. வரியிறாலில் இருக்கின்றன. ஆனால் இறால், நண்டு, சிங்கி இறால் அடங்கிய பத்துக்காலிகளின் கூர்ப்பு மரத்தில் முதலில் பிரிந்த கிளை வரியிறாலினுடையதே. சிங்கி இறாலிலும் நண்டிலும்கூடப் பற்கள் இருப்பதால், நன்னீர் இறாலின் மூதாதைகள் இருந்ததை இழந்தன என்று கொள்வதே பொருத்தம். ஏன் இழந்தன? தாடை நன்றாக அரைக்கும் விலங்குகளில் இரைப்பைப் பற்கள் எளிமையாக இருக்கின்றன என்று 1930களில் இந்தியாவில் பட்வர்தன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். இரைப்பையை மட்டும் வரைந்து, தாடையை வரையாமல் விடுகிறவர்களுக்கு இந்த விடை கிடைக்கவே கிடைக்காது.

அதற்காக இரைப்பை உணவுப் பழக்கத்தை மட்டுமே காட்டும் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பிரோசிங், ரிக்டர், ஷோல்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் நண்டுகளின் உறவுமுறையை இந்தத் தகடுகளின் அமைப்பைக் கொண்டே ஆராய்ந்தார்கள். பல்லின் கூர்மையைவிட, எந்தத் தகடு எதனோடு பொருந்துகிறது என்பதைக் கவனித்து வரைவதே பயன் தரும்.

கரப்பானின் அரைப்பையிலும், அதாவது உணவை அரைக்கும் பையிலும், பற்கள் உண்டு. பூச்சிகள், நண்டும் இறாலும் அடங்கிய கிறஸ்ரேசியாவின் உள்ளிருந்தே கிளைத்தவை என்று இன்று மரபணு ஆய்வுகள் காட்டுவதால், அந்தப் பற்களை அதற்குச் சான்றாக எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். பூச்சிகளுக்கு நண்டைவிட நெருங்கிய உறவான ரெமிப்பீடியா என்ற கிறஸ்ரேசியாக் கூட்டத்தில் அத்தகைய பற்கள் இல்லை. நண்டின் பற்களும் கரப்பானின் பற்களும் தனித்தனியே தோன்றியவை.