நெடுத்துப்போன சக்குலன்ட்டும் நாங்கள் விடுற பிழையளும்

மச்சாள் கொழும்பில இருந்து கொண்டந்து தந்த எச்செவேரியா எண்ட சக்குலன்ட் (தடிச்ச இலையில தண்ணியைச் சேத்து வைக்கிற கண்டு), உள்ளங்கைக்குள்ள அடங்கிற தாமரைப்பூ மாதிரி வடிவா இருந்தது, கிளிநொச்சி வீட்டில டீவி மேசையில வச்சன், கொஞ்ச மாசத்தில ஒரு சாண் உயரத்துக்கு வந்திட்டுது. வாற ஆக்களுக்கெல்லாம் பாருங்கோ எப்பிடி வளருது எண்டு காட்டினனான். அதுதான் முதல் பிழை. இலைக்கும் இலைக்கும் நடுவில தண்டு தெரிஞ்சு, நிறம் வெளிறி, கண்டு யன்னல் பக்கம் சாயுதெண்டா அது வெளிச்சம் காணாமல் அவதிப்படுது.

வீட்டுக்குள்ள வெளிச்சம் கிடக்குத்தானே எண்டு எங்கட கண் சொல்லும், ஆனா லைட் போட்ட அறைக்குள்ள முன்னூறு, ஐந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு)தான் இருக்கும், வெளியில மத்தியான வெயில் ஒரு லட்சம் லக்ஸ் கிட்ட. வன்னி வீடுகளில கச்சான் காத்துக்கும் புழுதிக்கும் பயந்து யன்னலைச் சாத்தி கேட்டினும் போட்டிருப்பம், பிறகு அதுக்கு என்ன வெளிச்சம் போகும்?

அடுத்தது யூடியூப்பைப் பாத்து தெற்கு யன்னலில கொண்டுபோய் வைக்கிறது. அது அமெரிக்கா, ஐரோப்பாவில இருக்கிற ஆக்களுக்குச் சரி, அங்க சூரியன் வருசம் முழுக்க தெற்காலதான் போகும். எங்களுக்கு சித்திரை வருசப்பிறப்புக்கு கிட்ட சூரியன் நேர உச்சிக்கு வரும், அதுக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி மட்டும் மத்தியான வெயில் வடக்குப் பக்கம்தான், அந்த நேரம் தெற்கு யன்னலுக்குள்ள நேர் வெயில் எட்டியும் பாக்காது. இங்க நம்பி வைக்கக்கூடிய இடம் கிழக்குப் பக்க யன்னல், இல்லாட்டி கிழக்கு விறாந்தை. காலம வெயில் மூண்டு நாலு மணித்தியாலம் பட்டால் நல்லது. கிழமைக்கொருக்கா சாடியைத் திருப்பி விடுங்கோ.

சரி வெயில்தானே வேணும் எண்டு ஒரே நாளில முத்தத்தில கொண்டுபோய் வைக்காதேங்கோ!! நான் வச்சனான், பின்னேரம் பாத்தா இலையெல்லாம் வெந்து மண்ணிற மறு. அந்த மறு மாறாது. முதல் நாள் ஒரு மணித்தியாலம் காலமை வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ரெண்டு மூண்டு கிழமையில பழக்கவேணும்.

மெலிஞ்சு போச்சே எண்டு தண்ணியும் யூரியாவும் போடுறது இன்னும் மோசம், இருட்டுக்குள்ள நைதரசன் குடுத்தா இன்னும் நீளும். மண் நல்லாக் காஞ்ச பிறகு தண்ணி காணும்.

நீண்ட தண்டு திரும்பிக் கட்டையாகாது, எவ்வளவு வெயில் காட்டினாலும் புதுசா வாற இலைதான் நெருக்கமா வரும். வெட்டத்தான் வேணும். எனக்கும் மனம் வரேல்லை, ஒரு மாசம் கத்திரிக்கோலைப் பாத்துக்கொண்டு இருந்தனான். பிளேட்டை ஸ்பிரிட்டில துடைச்சு, தலையோட ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் தண்டு விட்டு வெட்டி, கீழ் இலை ரெண்டு மூண்டைக் கழட்டிப்போட்டு நிழலில வையுங்கோ. கனபேர் வெட்டின கையோட ஈர மண்ணில ஊண்டுறவை, அது அழுகும். வெட்டின வாய் காஞ்சு தோல் மாதிரி ஆக நாலைஞ்சு நாள் விடோணும். பிறகு ஆத்து மணல், சின்னச் சல்லி, கொஞ்சம் தும்புத்தூள் கலந்து நடுங்கோ, மில்லில உமிக்கரி எடுக்கலாமெண்டா அதையும் போடுங்கோ. வயல் கறுத்த மண் வேண்டாம், தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். வேர் வர ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், இடையில இழுத்து இழுத்துப் பாக்காதேங்கோ.

ஐப்பசி, கார்த்திகை மாரி மழைக்குள்ள வெட்டுற வேலை வைக்காதேங்கோ, ஈரக்காத்தில வாய் காயாது, வெயிலும் இல்லை. தைப்பொங்கல் கழியட்டும். மாரிக்குள்ள கண்டு நீளாமல் பிடிக்கவேணுமெண்டா வெள்ளை எல்ஈடி பல்ப் ஒண்டை ஒரு அடி உயரத்தில பிடிச்சு 12 மணித்தியாலம் எரியவிடலாம், முகட்டில தொங்கிற பல்ப்பால பிரயோசனமில்லை. கறன்ட் பெரிசாப் போகாது.

ஓம், அடிக்கட்டையை எறிஞ்சு போடாதேங்கோ. மொட்டையா நிக்குது எண்டு அம்மா குப்பைக்குள்ள போடப் பாத்தவ, நான் மறிச்சு கிழக்கு விறாந்தை மூலையில வச்சனான், இப்ப அதில நாலு குட்டி வந்திட்டுது, ஒண்டு மச்சாளுக்கு.