முதுகலை இதழியல் ஆய்வேடு: நாளிதழ்ச் செய்திகளை வைத்துச் செய்வது எப்படி?

இதழியல், தொடர்பியல் படிப்பில் கடைசி செமஸ்டர் வந்ததும் ஆய்வேட்டுப் பயம் தொற்றிக்கொள்ளும். சர்வே, நேர்காணல், உள்ளடக்கப் பகுப்பாய்வு எனப் பல வழிகள் உண்டு. நான் செய்து முடித்தது உள்ளடக்கப் பகுப்பாய்வு, அதாவது செய்திகளில் என்ன இருக்கிறது என்பதை விதிப்படி வகைப்படுத்தி எண்ணுவது. முதல் ஆய்வுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி யார் பின்னாலும் அலைய வேண்டாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

1. தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

'சென்னை வெள்ளமும் ஊடகங்களும்' என்ற தலைப்பை வைத்து எதையும் எண்ண முடியாது. 'வெள்ளத்துக்கு யார் பொறுப்பு என்று தினத்தந்தியும் ஆங்கில நாளிதழான தி இந்துவும் எழுதின? இரண்டுக்கும் வேறுபாடு உண்டா?' என்று கேளுங்கள். எதைத் தேடப் போகிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். (அந்த ஆண்டில் தமிழ்ப் பதிப்பும் 'தி இந்து' என்ற பெயரிலேயே வந்தது. எந்த மொழி நாளிதழ் என்று மறக்காமல் எழுதுங்கள்.)

2. கோட்பாடு ஒன்று போதும்

பலரும் பழக்கத்தில் அஜெண்டா செட்டிங்கை (மக்கள் எந்தப் பிரச்சினைகளை முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்ற கோட்பாடு) எடுத்துவிடுகிறார்கள். அதை முன்வைத்த மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில் 100 வாக்காளர்களைச் சந்தித்து, ஊடகம் முன்வைத்த பிரச்சினைகளோடு அவர்கள் முக்கியமாக நினைத்தவற்றை ஒப்பிட்டார்கள். வாசகரிடம் எதுவுமே கேட்காமல் நாளிதழை மட்டும் எண்ணிவிட்டு அந்தக் கோட்பாட்டைப் போட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பதில் சொல்வது கஷ்டம். நம் கேள்விக்குப் பொருந்துவது ஃப்ரேமிங், அதாவது ஒரு விஷயத்தின் எந்தப் பக்கத்தை முன்னிறுத்திச் செய்தி சொல்கிறது என்று பார்ப்பது. என்ட்மன் 1993இல் எழுதிய கட்டுரையையும், செமெட்கோவும் வால்கன்பர்க்கும் 2000இல் எழுதியதையும் முதலில் படியுங்கள். இரண்டாவதில் 'பொறுப்பு' என்ற ஃப்ரேம் ஆம்/இல்லை கேள்விகளாகவே இருக்கிறது.

3. எந்த நாட்கள்?

ஓர் ஆண்டு முழுவதையும் ஆராய்வதானால் கட்டமைத்த வாரம் என்ற முறை உண்டு. எல்லாத் திங்கள்கிழமைகளிலிருந்தும் குலுக்கலில் ஒன்று, செவ்வாய்களிலிருந்து ஒன்று என ஏழு நாள் எடுப்பது. ஓராண்டுக்கு இப்படி இரண்டு வாரம், அதாவது 14 இதழ்கள் போதும் என்று ரிஃபும் அவருடைய குழுவினரும் 1993இல் காட்டினார்கள். வெள்ளம் போன்ற நிகழ்வுக்கு இது சரிப்படாது. குறிப்பிட்ட நாட்களின் இதழ்கள் எல்லாவற்றையும் தொடர்ச்சியாக எடுங்கள். 2015 டிசம்பர் 2 அன்று ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாமல் தி இந்துவின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. இப்படி விடுபட்ட நாளை ஆய்வுமுறை அத்தியாயத்தில் நீங்களே சொல்லிவிட வேண்டும். எந்த ஊர்ப் பதிப்பு என்பதும் முக்கியம், சென்னைப் பக்கமும் மதுரைப் பக்கமும் ஒன்றல்ல. பழைய இதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் போகலாம். சட்டப்படி நூல்களும் நாளிதழ்களும் வந்து சேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

4. கோடிங்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒவ்வொரு செய்தியும் எந்த வகையில் சேரும் என்று குறிப்பதுதான் கோடிங். எனக்கு மிக அதிக நேரம் பிடித்த படி இது. ஒரே செய்தியில் 'வரலாறு காணாத மழை' என்று ஒரு வரி, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தவிதம் பற்றி ஒரு வரி, ஆக்கிரமிப்பு பற்றி ஒரு வரி என்று இருக்கும். இயற்கையா, அரசா, ஆக்கிரமிப்பாளரா, எதில் சேர்ப்பது? விதியை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் குறிப்போம். 'ஒன்றைத் தேர்ந்தெடு' என்று வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம்/இல்லை வையுங்கள். தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும் பார்ப்பதா, முழுச் செய்தியையுமா என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே உண்மையான செய்தி வரி ஒன்றை எடுத்துக்காட்டாக ஒட்டுங்கள்.

அப்புறம், இன்னொருவரும் அதே செய்திகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். '90% ஒத்துப்போகிறது' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். 100 செய்திகளில் 'அரசு பொறுப்பு' என்று இருவரும் 'இல்லை' சொன்னவை 85, 'ஆம்' சொன்னவை 5, ஆளுக்கு ஐந்தாக மாறுபட்டவை 10 என்று வைத்துக்கொள்வோம். ஒப்புதல் 90%. ஆனால் இருவரும் 100க்கு 90 'இல்லை' போட்டிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 82% ஒத்துப்போகும் (இருவரும் 'இல்லை' 0.9 × 0.9 = 81%, இருவரும் 'ஆம்' 0.1 × 0.1 = 1%). 90இல் 82 போக மீதி 8. தற்செயலைத் தாண்டிக் கிடைக்கக்கூடியது 100இல் 82 போக 18. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. தற்செயலைக் கழித்து ஒப்புதலை அளக்கும் இந்த எண்தான் கோஹனின் கப்பா. இதே வேலையைச் செய்யும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவும் இதையொட்டியே வரும். கிரிப்பென்டார்ஃப் சொல்லும் குறைந்தபட்ச அளவு 0.8, தற்காலிக முடிவுகளுக்கு 0.667. ஆக, 90% என்று தெரிந்த இந்தக் கோடிங் தேறாது. விதியைத் திருத்தி, புதிய செய்திகளை வைத்து மறுபடி பாருங்கள். இதை முழுக் கோடிங்குக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

5. கருவிகளும் எழுதும் வரிசையும்

கோடிங்குக்குச் சாதாரண எக்செல் போதும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேடாதீர்கள். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், கை-வர்க்கச் சோதனையை (இரண்டு நாளிதழ்களுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலானதா என்று பார்ப்பது) நன்றாகவே செய்யும். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள். முதல் கட்டுரையைப் படிக்கும் அன்றே நிறுவிவிடுங்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், முன்னுரையைக் கடைசியில்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவை. இரண்டாவது ஆள் வகுப்புத் தோழராக இருக்கலாமா? தாராளமாக. பழகுவதற்குக் கொடுத்த செய்திகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். ஆங்கில ஆய்வேட்டில் தமிழ்த் தலைப்புகளை எப்படித் தருவது? தமிழிலேயே தந்து கீழே மொழிபெயர்ப்பைப் போடுங்கள். யூனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கைடு திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஏற்கெனவே பாமினியில் இருப்பதை இணையத்தில் உள்ள மாற்றிகளில் போட்டு மாற்றலாம். மாற்றியபின் ஒற்றெழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள்.