ஏற்காட்டில் புறாவைத் திறக்காதீர்கள்

சேலத்தில் புதிதாக ஹோமர், அதாவது தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறா, வாங்கியவர்கள் முதலில் செய்கிற காரியம், கூடையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, லேடீஸ் சீட்டில் நின்று புறாக்களைத் திறந்துவிடுவது. புறா வீட்டுக்கு வந்துவிடும், படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பவும் செய்யலாம். ஆனால் அதைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கிருந்து ஊர் முழுவதும் காலடியில் தெரிகிறது. இறக்கையை விரித்து இறங்கினால் போதும், திசை கணிக்கும் வேலையே புறாவுக்கு இல்லை. போதாக்குறைக்கு மலைப் பாறைகளில் புறாவை அடிக்கும் வேட்டைப் பறவையான பைரி இருக்கும், மார்கழியில் மூடுபனி வேறு.

நான் தர்மபுரி வழித்தடத்தில் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மாபேட்டையில் மாடிமேல் கூண்டு. வடக்குப் பாதையில், அதாவது வடக்கே தொலைவில் புறாக்களைத் திறந்துவிட்டு எது வேகமாக வீடு சேர்கிறது என்று பார்க்கும் பந்தயம் விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மழை ஓய்ந்ததும் வேலையைத் தொடங்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இறகு. புறாவின் கால்கள் இரண்டையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, மார்பை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் இறக்கையை மெல்ல விரியுங்கள். நுனிப் பக்கத்தில் பெரிய இறகுகள் பத்து இருக்கும். அவை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைக்கும், நுனி இறகு கடைசி. அதன் அடிக்குழல் கருநீலமாக இருந்தால் உள்ளே இன்னும் இரத்தம் ஓடுகிறது, இறகு முற்றவில்லை என்று அர்த்தம். அந்தப் புறாவுக்குக் கூடை வேண்டாம். குழல் வெளுத்துக் காய்ந்த பிறகு வெளியே கொண்டுபோகலாம். அப்படியே வாயையும் திறந்து பாருங்கள். தொண்டையில் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போல ஒட்டியிருந்தால் அது நோய். தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பூச்சி மருந்தையும் தடுப்பு மருந்தையும் பயிற்சிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அடுத்தது தீனி. ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் போதும். லீ பஜாரில் கம்பு, சோளம், மக்காச்சோளம், பச்சைப்பயறு, பட்டாணி எல்லாம் மொத்த விலைக்குக் கிடைக்கும். வாங்கியதும் கை நிறைய அள்ளி முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். பயிற்சி தொடங்கும்போது பயறு வகை ஒரு பங்கு இருக்கட்டும். தூரம் கூடக் கூட மக்காச்சோளத்தையும், கடைசி இரண்டு நாள் கொஞ்சம் நிலக்கடலையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தொலைதூரம் பறக்கும் புறா கொழுப்பை எரித்துத்தான் பறக்கிறது. கிளிஞ்சல் பொடி, செங்கல் பொடி, மரக்கரி, ஒரு சிட்டிகை உப்பு கலந்த தட்டு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும்.

அளவை எடை போட்டுத்தான் தர வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே கவனியுங்கள். ஒன்றிரண்டு புறாக்கள் தீனியை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் நகர்ந்ததும் கையை நிறுத்திவிடுங்கள். பெரிய தீனி மாலையில்தான். காலையில் பறக்க விடுவது வெறும் வயிற்றோடு. தகர டப்பாவில் நாலு தானியத்தைப் போட்டுக் குலுக்கினால் அத்தனையும் கூண்டுக்குள் வந்து விழ வேண்டும். இந்தப் பழக்கம் படியாத புறாவை ஓமலூருக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். பந்தயத்தில் நேரம் நிற்பது புறா கூண்டுக்குள் நுழைந்த பிறகு. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து இறகு கோதுகிற புறாவால் பயனில்லை.

வீட்டைச் சுற்றிப் பறப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முதலில் தலைக்கு மேலேயே வட்டமிடும். சில வாரம் போனால் கூட்டமாகக் கிளம்பிக் கண்ணுக்குத் தெரியாமல் போய், அரை மணி, முக்கால் மணி கழித்து வேறு திசையிலிருந்து வரும். அப்படிக் காணாமல் போய்த் திரும்பத் தொடங்கினால்தான் வெளியூர்ப் பயிற்சி. அதற்கு முன் ஓரிரு இரவு கூடையிலேயே தங்க வைத்து, தொட்டியில் தலையை நீட்டித் தண்ணீர் குடிக்கப் பழக்கிவிடுங்கள்.

இனி பாதை. தர்மபுரி சேலத்துக்கு நேர் வடக்கே, வான்வழியில் 50 கிலோமீட்டர் சொச்சம். நடுவே கிழக்குப் பக்கமாகச் சேர்வராயன் மலை குறுக்கே நிற்கிறது. விவரம் தெரிந்த புறா தொப்பூர்க் கணவாய் வழியே ஓமலூர்ச் சமவெளிக்கு வந்து, அங்கிருந்து தென்கிழக்கே திரும்பி ஊருக்குள் நுழையும். தெரியாதது மலைக்கு அந்தப் பக்கம் பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி என்று சுற்றி, மாலையிலோ மறுநாளோ வரும், வராமலும் போகும். ஆந்திராவின் கர்னூலிலிருந்து ஒழுங்காக வந்த புறா வீட்டுக்கு முன்னால் இந்த மலையடியில் நேரத்தைத் தொலைத்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே நம் ஊரில் தூரத்துக்கு அவசரப்படக் கூடாது. கடைசி 35 கிலோமீட்டரை மனப்பாடம் செய்விக்க வேண்டும்.

முதலில் கருப்பூர். பிறகு ஓமலூர், வான்வழியில் சுமார் 15 கிலோமீட்டர். அங்கேயே பல தடவை விடுங்கள். முதலில் மொத்தக் கூட்டமாக, பிறகு நான்கு நான்காக, அதன்பின் ஒவ்வொன்றாகப் பத்து நிமிட இடைவெளியில். கூட்டத்தோடு வரும் புறா முன்னால் போகிறதன் பின்னால் வருகிறதே தவிர, வழி கற்பதில்லை. தனியாக விட்டால்தான் அதன் தலையில் என்ன இருக்கிறது என்று தெரியும். அடுத்து தீவட்டிப்பட்டி, தொப்பூர். தொப்பூரிலிருந்து தனித்தனியாக வந்து சேர்ந்தவற்றை மட்டும் தர்மபுரிக்கும், 100 கிலோமீட்டரை ஒட்டியுள்ள கிருஷ்ணகிரிக்கும் கொண்டுபோகலாம். ஓசூருக்கு அப்பால் புறாப் பந்தயச் சங்கத்து வண்டி பார்த்துக்கொள்ளும்.

இடத்துக்குப் போனதும் திறந்துவிடாதீர்கள். கூடையை நிழலில் வைத்து, தண்ணீர் காட்டி, கால் மணி நேரமாவது வானம் பார்க்க விடுங்கள். புறா சூரியனை வைத்துத் திசை பிடிக்கிற பறவை. தொப்பூரில் தை மாதக் காலையில் பனி விலக நேரமாகும், அதுவரை காத்திருப்பதில் நட்டமில்லை. மின்கம்பி இல்லாத திறந்த வெளியாகப் பாருங்கள். ஒரே இடத்தில் தினமும் ஒரே நேரத்தில் திறந்தால் பைரியும் நேரத்தைப் படித்துக்கொள்ளும். பைரி மீது கோபம் வருவது நியாயம்தான். அதற்காகக் கவண்கல்லைத் தேடாதீர்கள்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை.

புறா தொலைந்தால் கஞ்சமலை இரும்புத் தாது திசையைக் குழப்பிவிட்டது என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மலையில் காந்தத் தாது இருப்பது உண்மை, புறாவுக்குக் காந்தப்புலத்தை உணரும் திறன் உண்டு என்பதற்கும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனாலும் வடக்கிலிருந்து வரும் புறா ஊருக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலையால் கெட்டது என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. முதலில் தீனியையும் எச்சத்தையும் பாருங்கள்.

எச்சம் பொய் சொல்லாது. உருண்டையாக, பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் நலம். பச்சையாக நீர்த்துப் போனால் அந்த வாரம் பயிற்சி இல்லை. பறந்து வந்த அன்று தண்ணீரில் சிறிது வெல்லமும் உப்பும், மறுநாள் குளிக்க அகலத் தொட்டி.

பந்தயத்துக்கு ஜோடிக் கணக்குப் போடத் தெரிந்தவன் பாதி ஜெயித்தவன். முட்டை பொரிய 17, 18 நாள் ஆகும். பத்தாம் நாள் வாக்கில் அடைகாத்துக்கொண்டிருக்கும் பெட்டை வெகு வேகமாக வீடு திரும்பும். சில நாள் குஞ்சுக்கு ஊட்டுகிற புறாவும் அப்படித்தான். அனந்தபூர்ப் பந்தயம் எந்தத் தேதி என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஜோடி சேருங்கள். இந்த வருடக் குஞ்சுகளுக்கு இந்த வித்தை தேவையில்லை, கிருஷ்ணகிரி, ஓசூர் தூரமே அவற்றுக்குப் போதும்.

பருவம் தொடங்கிவிட்டால் வேறொருவர் புறாவும் உங்கள் மாடியில் களைத்து இறங்கும். பிடித்துக் கூண்டில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் சிறு தானியம், ஒரு நாள் ஓய்வு. கால் வளையத்தில் ஆண்டும் சங்கத்தின் எழுத்தும் எண்ணும் இருக்கும். குறித்துச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டு, வெயில் தெளிந்த காலையில் விட்டுவிடுங்கள்.