கம்பம், குமுளி பக்கம் நிம்மதியாக வாழ மாதம் எவ்வளவு வேண்டும்? கணக்குப் போடும் முறை

முன்கூட்டியே தெரிந்த செலவு எதற்கும் நகையை அடகு வைக்காமல் ஒரு வருஷத்தை ஓட்ட முடிகிறதா? முடிந்தால் அந்தக் குடும்பத்துக்கு வருமானம் போதும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டணும், ஐப்பசியில் தீபாவளி வரும் என்பதெல்லாம் தை மாசமே தெரியும், தெரிந்தும் அந்த நேரத்தில் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு பேங்குக்கு ஓடுகிறோம் என்றால் சம்பளம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அதை வசதி என்று சொல்ல முடியாது.

அதனால் மாசக் கணக்கை நம்பாதீர்கள், வருஷக் கணக்காகப் போடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கம்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிற நாலு பேர் குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், தொகையை உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 5,000, மளிகை காய்கறி 8,000 (உழவர் சந்தைக்குக் காலையிலேயே போகிறவர்களுக்கு இன்னும் குறையும்), பால் 1,800, ஞாயிற்றுக்கிழமை கறி மீன் 1,600, கேஸ் 600, கரண்ட் 400, போன் ரீசார்ஜ் 700, பெட்ரோல் 2,000, பிள்ளைகள் டியூஷன் 1,500, மாத்திரை மருந்து 900. கூட்டினால் 22,500. பெரும்பாலானவர்கள் இதோடு நோட்டை மூடிவிடுகிறார்கள். சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்த பக்கத்தில் வருஷச் செலவை எழுதுங்கள். ரெண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், நோட்டு, யூனிபார்ம் எல்லாம் சேர்த்து 40,000. தீபாவளி பொங்கல் துணிமணி, பலகாரம் 20,000. வீரபாண்டித் திருவிழா, ஊர்த் திருவிழா, அதற்கு வருகிற சொந்தக்காரர்கள் 8,000. வண்டிக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,000. மிக்ஸி ரிப்பேர், ஓடு மாற்றுவது மாதிரி 6,000. மருத்துவக் காப்பீட்டு பாலிசி 16,000.

அப்புறம் செய்முறை, அதாவது சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாம் வைக்கிற மொய்யும் சீரும். தேனி மாவட்டத்துக் குடும்பத்தின் பட்ஜெட்டை எழுதும்போது இதை விட்டுவிட்டால் மற்றது எல்லாமே வீண். வெளியூர்க்காரர்கள் எழுதுகிற பட்ஜெட் கணக்கில் இந்த வரியே இருக்காது, நம் வீட்டில் ஒரு மாச வாடகையை அது ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். இதைக் குத்துமதிப்பாகப் போட வேண்டாம், துல்லியமாகவே போடலாம், ஏனென்றால் நம் கையில் மொய் நோட்டு இருக்கிறது. பரணில் கிடக்கிற அந்த நீள நோட்டை எடுத்து, நம் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் எவ்வளவு எழுதினார்கள், அவர்கள் வீட்டில் இந்த வருஷம் கல்யாணமோ காதுகுத்தோ சடங்கோ கிரகப்பிரவேசமோ இருக்கிறதா என்று பேர் பேராகப் பாருங்கள். 500 எழுதினவருக்கு அதே 500ஐத் திருப்பி எழுத மாட்டோம், கூட வைத்துத்தான் எழுதுவோம். வருஷத்துக்கு 24 விசேஷம், சராசரி 1,000 என்றால் 24,000. தாய்மாமன் சீர் ஒன்று வந்தால் இன்னொரு 12,000. ஆக 36,000. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, வைகாசி, ஆவணி, தை மாசங்களில் வரிசையாக வந்து நிற்கும் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நாளைக்கு நம் பெண் கல்யாணத்துக்கு வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தான். செலவு என்று பேர் போட்டு முன்கூட்டியே எடுத்து வையுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

வருஷச் செலவு மொத்தம் 1,32,000. பன்னிரண்டால் வகுத்தால் மாசம் 11,000. அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றைக்கே தனி பேங்க் கணக்கில் போட்டுவிடுங்கள், அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். 22,500ஐயும் 11,000ஐயும் சேர்த்தால் 33,500. இது குடும்பம் ஓடுவதற்கு வேண்டிய தொகை. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது சேமிப்பாக நிற்க வேண்டும் என்று வைத்தால், 33,500 மீதி நாலு பங்காக இருக்கணும், அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 42,000 வருகிறது. என் கணக்கில் அந்தக் குடும்பம் வசதியாக வாழ மாசம் 42,000, வருஷத்துக்கு 5,04,000 வேண்டும்.

சரி, வருஷத்தில் எத்தனை மாசம் வருமானம் வருகிறது? அரசு வேலையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியற்காலை ஜீப்பில் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களும், அவர்களை நம்பிக் கடை நடத்துகிறவர்களும், ஜீப் ஓட்டுகிறவர்களும் தாண்டிப் போக முடியாது. காய் எடுப்பு இருக்கும்வரை வேலை இருக்கும், கோடை வந்தால் வேலை நாள் சுருங்கிவிடும். ஒன்பது மாசம்தான் நல்ல வருமானம் என்றால் அதே 5,04,000ஐ ஒன்பதால் வகுக்கணும், மாசம் 56,000 வருகிறது. சீசனில் கை நிறைய வருகிற மாசத்தைப் பார்த்து டிவிக்கும் வண்டிக்கும் தவணை போட்டுவிட்டுப் பங்குனியில் திண்டாடுவது இந்த வகுத்தலைப் போடாததால்தான். தவணையை எப்போதும் மோசமான மாசத்து வருமானத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கூலி கூட என்பது உண்மைதான். 2024-25ல் நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு வைத்த தினக்கூலியிலேயே தமிழ்நாட்டுக்கு 319, கேரளத்துக்கு 346 என்று வித்தியாசம் இருந்தது. ஆனால் அங்கே வேலைக்குப் போகும்போது ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதோடு விசாரணையை நிறுத்திவிடாதீர்கள். மாசத்துக்கு எத்தனை நாள் வேலை, ஜீப் வாடகை யாருடையது, மழையில் பாதியில் நின்றால் அரைக் கூலியா முழுக் கூலியா, அட்வான்ஸை எப்படிப் பிடிப்பார்கள் என்று நாலையும் கேட்டு, ஒரு நாள் கூலியை வேலை நாளால் பெருக்கி எழுதுங்கள். ஹர்த்தால் (கடையடைப்பு) நாள், மண் சரிந்து மலைப்பாதை அடைபடுகிற நாள் எல்லாம் கூலி இல்லாத நாள்.

இதே காரணத்துக்காக எல்லைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அவசரப் பணம் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகம் வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோது இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் போட்டது போட்டபடி இறங்கி வந்தார்கள், குமுளி வழி அடைபட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் மலைக்குப் போக முடியவில்லை. வேலையும் வீடும் வேறு வேறு மாநிலத்தில் இருந்தால் நம் தப்பு ஒன்றும் இல்லாமலே வருமானம் நின்றுவிடும். ஆறு மாசச் செலவு, அதாவது நம் உதாரணத்தில் 2 லட்சம், கையில் இருக்கணும். ஒரே நாளில் சேராது, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் மாசம் 3,000 போட ஆரம்பித்தாலும் போதும்.

குமுளியிலேயே வீடு எடுத்துத் தங்கிவிடலாமா என்று யோசிப்பவர்கள் வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய அரசின் அரிசி கோதுமை அங்கேயும் கிடைக்கும், ஆனால் தமிழ்நாடு அரசு தருகிற துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே வந்தால்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், கரண்ட்டில் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் இந்தப் பக்கத்தில்தான். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

வருமானம் குறைவாக இருக்கிற வீட்டுக்கு: குடும்ப வருஷ வருமானம் 1,20,000க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அப்போது அந்த 16,000 பாலிசி செலவு கணக்கிலிருந்து போய்விடும். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் இருக்கிறது, ரெண்டிலும் 2 லட்சம். மலைப்பாதையில் தினம் ஜீப்பில் போகிறவர்கள் வீட்டில் இது இல்லாமல் இருக்கவே கூடாது, இன்றைக்கே போய்க் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்துத் துண்டு விழுகிறதா? முதலில் வட்டியைப் பாருங்கள். மூணு வட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறோம், அது வருஷத்துக்கு 36 சதவீதம். எந்தச் சேமிப்பும் அந்த அளவுக்குத் திருப்பித் தராது, அதனால் அந்தக் கடன் இருக்கும்வரை சேமிப்புப் பங்கு முழுவதும் அதை அடைக்கவே போகட்டும், பேங்க் நகைக்கடனில் குறைந்த வட்டிக்கு மாற்றி அடைக்க முடிந்தாலும் நல்லதுதான். அது முடிந்ததும் அவசரப் பணம். அதற்கப்புறம் வயசான காலத்துக்கு. தினக்கூலி வேலைக்கும் சின்னக் கடைக்கும் பெரும்பாலும் பிஎப் கிடையாது, 40 வயசுக்குள் இருப்பவர்கள் அடல் பென்ஷனில் சேர்ந்தால் 60க்கு மேல் மாசம் 1,000 முதல் 5,000 வரை வரும். அந்த 5,000 ஒன்றை மட்டும் நம்பவும் வேண்டாம், விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 42,000 பன்னிரண்டு வருஷத்தில் 84,000 ஆகிவிடும். ஒவ்வொரு சித்திரையிலும் பள்ளிக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் நோட்டைத் திறந்து பழைய தொகையை அடித்துப் புதுத் தொகையை எழுதிவிடுங்கள், வீட்டில் சம்பாதிக்கிற எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து.