நீளம் கூடிய பனிச்சறுக்குக் கோலைச் சரிசெய்த விதம்

கோல் தேவையைவிட 5 செ.மீ. நீளமாக இருந்தாலே தோள் தூக்கிக்கொள்ளும், உடல் எடை பின்னால் சாயும், திருப்பம் தவறும். உயரத்தை 0.7ஆல் பெருக்குங்கள்: 170 செ.மீ. என்றால் 119, அதாவது 120 செ.மீ. கோல். கடையில் ஸ்கீ பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோலைத் தலைகீழாக்கி, நுனியருகே உள்ள வட்டத்தட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும்.

என்னுடையது 125. அலுமினியம் என்பதால் வெட்ட முடிந்தது. கைப்பிடியின் உச்சியில் திருகு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். கொதிநீரில் கைப்பிடியை இரண்டு மூன்று நிமிடம் வைத்து, தடிமனான கையுறையோடு முறுக்கி இழுத்தால் வந்துவிடும். மேல்முனையில்தான் 5 செ.மீ. வெட்ட வேண்டும், அடிமுனை கூம்பி வருவதால் அங்கே கை வைக்கவே கூடாது. பைப் கட்டரால் வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கைப்பிடியை மறுபடி சூடாக்கி, விரல் பள்ளங்கள் முன்பக்கம் வரும்படி அழுத்தினேன்.

கார்பன் கோலுக்குப் பைப் கட்டர் ஆகாது, குழாய் நசுங்கி விரியும். டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் அறுங்கள். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம்.

காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடங்களின் ஆழமான புதுப்பனிக்கு 9–10 செ.மீ. அகல வட்டத்தட்டு வேண்டும். சிறிய தட்டோடு ஊன்றினால் கோல் அப்படியே புதைந்துவிடும்.