நாலு கோடு இருக்கு, நெட் ஏன் சுத்துது? போன் சிக்னலை எண்ணாகப் படிக்கப் பழகுவோம்

வீடு மாறிய முதல் வாரமே தலைவலி. போனில் நாலு கோடும் நிறைந்து நிற்கிறது. வீடியோவைத் தொட்டால் வட்டம் சுத்திக்கொண்டே இருக்கிறது. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். போனை அணைத்து எழுப்பினேன். வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை பேசினேன். "உங்க ஏரியாவுல சிக்னல் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. சிக்னல் பலமாகத்தான் இருந்தது. தெளிவாக இல்லை.

பலம் வேறு, தெளிவு வேறு. இரண்டையும் போனிலேயே எண்ணாகப் பார்க்கலாம். ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம் இருந்தால் போதும்.

படி 1: கோட்டை மறந்துவிட்டு எண்ணைத் திறங்கள்

எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. போனைத் தயாரிப்பவர் வைத்ததுதான் கணக்கு. 2010-இல் ஐபோன் 4 வந்தபோது, கையில் பிடிக்கிற விதத்தைப் பொறுத்து சிக்னல் விழுகிறது என்று பெரிய புகார் கிளம்பியது. அப்போது ஆப்பிளே ஒரு கடிதம் வெளியிட்டது: கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்தோம் என்று. அன்றிலிருந்து நான் கோடுகளை அலங்காரமாகத்தான் பார்க்கிறேன்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற வரியில் −97 டிபிஎம், 43 ஏஎஸ்யு என்பதுபோல ஏதாவது இருக்கும். இரண்டும் ஒன்றுதான், 4ஜியில் ஏஎஸ்யு எண்ணிலிருந்து 140-ஐக் கழித்தால் டிபிஎம் வந்துவிடும். ஐபோனில் டயல் செய்யும் இடத்தில் *3001#12345#* என்று போட்டு அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள், ஃபீல்டு டெஸ்ட் திரை திறக்கும். உள்ளே இருக்கும் மெனு மாடலுக்கு மாடல் மாறும், கொஞ்சம் துழாவ வேண்டும்.

ஆண்ட்ராய்டின் அந்த ஒற்றை எண் நமக்குப் போதாது. நெட்மான்ஸ்டர் போன்ற ஒரு செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். அது லொகேஷன் அனுமதி கேட்கும். டவர் விவரம் தெரிந்தால் நீங்கள் இருக்கும் இடத்தையும் ஊகித்துவிடலாம் என்பதால் ஆண்ட்ராய்டே வைத்திருக்கும் விதி அது. சிம் போடும் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதன் நிர்வாகப் பக்கத்தில் பார்க்கலாம். முகவரி பெரும்பாலும் 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 இவற்றில் ஒன்றாக இருக்கும்.

படி 2: முதல் எண், பலம்

திரையில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு வரி இருக்கும். டவர் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் அடையாள சிக்னல் உங்கள் போனுக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அது. எப்போதும் மைனஸில்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். அங்கிருந்து 3 இறங்கினால் பாதி, 10 இறங்கினால் பத்தில் ஒன்று. அப்படியே இறங்கிப் போனால் −90 என்பது ஒரு மில்லிவாட்டை நூறு கோடியால் வகுத்தது. அந்தத் துளியை வைத்துக்கொண்டுதான் போன் வீடியோ காட்டுகிறது. −100-க்கு வந்தால் அதிலும் பத்தில் ஒன்று.

என் கைக்கணக்கு இது: −80-க்கு மேல் இருந்தால் கவலையே வேண்டாம். −80-க்கும் −100-க்கும் நடுவில் தாராளமாக வேலை நடக்கும். −110-க்குக் கீழே போனால் தடுமாறும். −120-ஐத் தொட்டால் எந்த நேரமும் அறுந்துவிடும். முதல் நாள் என் அறையில் இருந்தது −84. அதனால்தான் நாலு கோடு, அதனால்தான் "நல்லாத்தான் சார் இருக்கு".

படி 3: இரண்டாவது எண், தெளிவு

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். கதையே இங்கேதான்.

செல்போனில் உள்ள 'செல்' எங்கிருந்து வந்தது? ஒரே பெரிய டவரை நட்டு ஊர் முழுக்க அலை பரப்பினால், கையில் இருக்கும் சில சேனல்கள் சிலருக்கே தீர்ந்துவிடும். ஊரைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு சிறிய டவர் வைத்து, அதே அலைவரிசையைத் தள்ளித் தள்ளித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற யோசனை 1947-இல் பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வகத்தில் எழுதப்பட்டது. அந்த அறைதான் செல். 4ஜி இதில் இன்னும் துணிச்சலான ஆள்: பக்கத்துப் பக்கத்து டவர்கள்கூடப் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன.

உங்கள் டவர் உங்களுக்குச் செய்தி. அடுத்த டவர் உங்களுக்கு இரைச்சல். இரண்டும் சமமான பலத்தில் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தால், இரண்டு பேர் இரண்டு காதிலும் ஒரே சத்தத்தில் வெவ்வேறு கணக்கு சொல்வது மாதிரிதான். சத்தத்துக்குக் குறைவில்லை, ஒன்றும் புரியாது.

எவ்வளவு புரிகிறது என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்ஐஎன்ஆர். சில செயலிகளில் எஸ்என்ஆர் என்றிருக்கும். இதுவும் டெசிபல் கணக்குதான், 10 ஏறினால் பத்து மடங்கு. 20-க்கு மேல் அருமை. 13-க்கு மேல் நல்லது. 0-வை நெருங்கினால் இரைச்சலும் செய்தியும் சமம். மைனஸிலும் போகும்.

இந்த எண் ஏன் வேகத்தைத் தீர்மானிக்கிறது? போன் அடிக்கடி டவருக்குத் தகவல் அனுப்புகிறது: "எனக்கு இவ்வளவுதான் தெளிவாக விழுகிறது". அதற்கேற்ப டவர் ஒவ்வொரு அலைத்துடிப்பிலும் எத்தனை பிட் ஏற்றலாம் என்று முடிவு செய்யும். மோசமான தெளிவில் 2 பிட்தான் ஏற்ற முடியும். தெளிவு கூடக் கூட 4, 6, நன்றாக இருந்தால் 8. போதாக்குறைக்கு, தெளிவு மோசமாக இருந்தால் பிழை திருத்தத்துக்கான உபரி பிட்டுகளே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கான உச்ச வரம்பை கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர் 1948-இலேயே ஒரு சூத்திரமாக எழுதிவிட்டார். அதில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலைப் போட்டுப் பார்த்தேன். எஸ்ஐஎன்ஆர் 0 என்றால் நொடிக்கு 20 மெகாபிட். 10 என்றால் சுமார் 69. 20 என்றால் சுமார் 133. இது ஒற்றை ஓடைக்கான கணக்கு. பல ஆன்டெனாக்கள் வழியே தனித்தனி ஓடைகளாக அனுப்பும் மைமோ இதைப் பெருக்கும். ஆனால் அதற்கும் தெளிவு வேண்டும்.

என் அறையில் −84 பலத்துடன் எஸ்ஐஎன்ஆர் எவ்வளவு இருந்தது தெரியுமா? 1. இரண்டு டவருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அறை. போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்க ஜன்னலுக்குப் போனேன். பலம் −97-க்கு இறங்கியது, அதாவது இருபதில் ஒரு பங்காகிவிட்டது. கோடு இரண்டாகக் குறைந்தது. ஆனால் எஸ்ஐஎன்ஆர் 14. நடுவில் இருந்த சுவர்கள் மற்ற டவரை அதைவிட அதிகமாக மறைத்துவிட்டன. வேகம் 6 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 25-க்கு ஏறியது. கோடு பாதியாகி, வேகம் நாலு மடங்கு.

உங்கள் போனில் எஸ்ஐஎன்ஆர் காட்டாவிட்டால் சிக்னலின் தரத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்க்யூ என்ற எண்ணைப் பாருங்கள். −10-க்கு மேல் என்றால் நல்லது, −15-க்குக் கீழே என்றால் சிக்கல். டவரில் கூட்டம் கூடினாலும் இந்த எண் இறங்கும் என்பதால் எனக்கு இது இரண்டாம் பட்சம்தான்.

படி 4: எந்தப் பேண்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள்

டவர் பேசும் அலைவரிசைத் தொகுதிதான் பேண்ட். அதே திரையில் பி3, பி8, பி40, என்78 என்று ஏதாவது இருக்கும். பி8 என்பது 900 மெகாஹெர்ட்ஸ், பி3 என்பது 1800, பி1 என்பது 2100, பி40 என்பது 2300. என்78 என்பது 5ஜி, 3300 முதல் 3800 வரை. 900-இன் அலைநீளம் சுமார் 33 சென்டிமீட்டர், 3500-க்கு எட்டரை சென்டிமீட்டர்தான். தாழ்ந்த பேண்ட் தூரம் போகும், சுவருக்குள் நுழையும். ஆனால் அங்கே இடம் குறைவு. 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் அகலமே பெரும்பாலும் கிடைக்கும். 3500-இல் ஒரே சேனல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமாக இருக்கலாம். ஒற்றையடிப் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டின் உள்ளறைக்குப் போனதும் கோடு கூடி, வேகம் குறைகிறதா? போன் தாழ்ந்த பேண்டுக்குத் தாவியிருக்கும். பேண்ட் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 5: வேகத்தை ஒழுங்காக அளவிடுங்கள்

வைஃபையை அணையுங்கள். இதை மறந்துவிட்டு வைஃபை வேகத்தை அளந்து சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். விபிஎன் இருந்தால் அதையும் அணையுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள்.

முதல் முறை வரும் பிங்கை, அதாவது ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பிவர ஆகும் நேரத்தை, நம்பாதீர்கள். சில நொடிகள் டேட்டா ஓடாவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் தூங்கப் போய்விடும். மறுபடி டவரிடம் கைகுலுக்கி எழுந்து வர நேரமாகும். அந்தத் தாமதம் முதல் பிங்கில் சேர்ந்துகொள்ளும்.

40 எம்பிபிஎஸ் என்று வந்தால் நொடிக்கு 40 மெகாபைட் இறங்காது. அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 5 மெகாபைட். ஒரு ஜிபி கோப்புக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும்.

விடியற்காலை ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். 4ஜி டவர் மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் பங்கு பிரிக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் ஒரு நேரத்தில் 100 துண்டுகள். இந்தத் துண்டு யாருக்கு, அந்தத் துண்டு யாருக்கு என்று நொடிக்கு ஆயிரம் முறை கணக்குப் போடும். ஆள் கூடினால் உங்கள் பங்கு சுருங்கும். காலையிலும் இரவிலும் எஸ்ஐஎன்ஆர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்து வேகம் மட்டும் விழுந்தால், அது கூட்டம். ஜன்னலை மாற்றிப் பயனில்லை.

படி 6: வீட்டைச் சுற்றி வாருங்கள்

தாளில் நாலு பத்தி போடுங்கள்: இடம், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், வேகம். ஒவ்வொரு ஜன்னலிலும் போனை வைத்துவிட்டுக் கையை எடுங்கள், அரை நிமிடம் விடுங்கள், பிறகு எழுதுங்கள். கையும் உடம்பும் அலையைக் குடிக்கும். ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறுவதைப் பார்ப்பீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், கொஞ்சம் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஜன்னல் என்றால், மூடியும் திறந்தும் அளந்து பாருங்கள், வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும்.

அப்லோடையும் கவனியுங்கள். டவர் பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது. போன் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். ஆகவே பலம் குறைந்த இடத்தில் முதலில் அடிவாங்குவது அப்லோடுதான். வீடியோ அழைப்பில் அவர்கள் உங்களுக்குத் தெரிகிறார்கள், நீங்கள் அவர்களுக்கு உறைந்துபோய்த் தெரிகிறீர்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இது.

நல்ல இடம் கிடைத்ததும் அங்கே ஒரு பழைய போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்துவிடலாம். நீங்கள் வசதியான இடத்தில் உட்கார்ந்து அதன் வைஃபையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் படும் ஜன்னல் மட்டும் வேண்டாம். சார்ஜில் கிடக்கும் போன் சூடேறி பேட்டரி உப்பிவிடும்.

படி 7: எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் ஓடவில்லையா?

அன்றைய டேட்டா தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நெட்வொர்க் வகை 3ஜியில் மாட்டியிருக்கிறதா? பழைய சிம்மின் ஏபிஎன் (நெட்டோடு இணைய போனில் இருக்கும் அமைப்பு) அப்படியே இருக்கிறதா? இவை மூன்றும் சரி என்றால் பிளைட் மோடைப் பத்து நொடி போட்டு எடுங்கள். போன் டவர்களை முதலிலிருந்து தேடும். கூட்டம் குறைந்த பேண்டில் போய் உட்காரவும் வாய்ப்புண்டு.

அதற்கும் மசியாவிட்டால் புகார்தான். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். செயலியில் செல் ஐடி என்று நீளமான எண் இருக்கும். அதோடு பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், அளந்த நேரம், வேகம் எல்லாவற்றையும் எழுதி, தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். முதல் மூன்று பேரும் போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். நாலாவது ஆள், "பலம் இருக்கு, எஸ்ஐஎன்ஆர் இல்ல, ரெண்டு செல் மேல விழுது" என்று தானாகவே சொன்னார். டவரில் ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் அதன் அலை அடுத்த டவரின் எல்லைக்குள் அவ்வளவு தூரம் கொட்டாது, அதைத்தான் செய்தார்களாம். இரண்டு வாரம் கழித்து அளந்தபோது என் அறையில் எஸ்ஐஎன்ஆர் 8. பழைய போன் இன்னும் பின்பக்க ஜன்னலிலேயே இருக்கிறது. அங்கே இப்போது 17.