மலையேற்றத்தில் டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குக் கூடுதல் ஆயில் கூலர் பொருத்துதல்

நீலகிரியில் காற்றே குளிர்ந்திருக்கும்போது கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு கூலர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். டிரெய்லர் இழுக்கும் ஆட்டோமேட்டிக் பிக்கப்பின் கியர் ஆயிலைச் சூடேற்றுவது வெளிக்காற்றைவிட வண்டியின் சுமையும் ஏற்றமும்தான். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுவதால், சமவெளியின் வெயிலில் ஏற்கெனவே சூடாகிவிட்ட ஆயிலோடுதான் வண்டி மலை ஏறத் தொடங்குகிறது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், ஆயிலைச் சுழற்றியே விசையைக் கடத்துகிறது. கொண்டை ஊசி வளைவில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் சுமையோடு திரும்பும்போது கன்வெர்ட்டரின் இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அந்த வேறுபாட்டால் வீணாகும் ஆற்றல் ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. அதே நேரத்தில் வண்டி மெதுவாகப் போவதால் முகப்பில் மோதும் காற்றும் குறைந்துவிடுகிறது. உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கூலரின் மேல் பட்டுச் செல்லும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பமும் குறைவே. ஆகவே மலைக்குக் கூலர் வாங்குகிறவர்கள் அதன் அளவைவிட முதலில் கவனிக்க வேண்டியது, அதற்கு மின்விசிறி உண்டா என்பதைத்தான். ஆயில் சுமார் 80 டிகிரியைத் தாண்டும்போது தானாக இயங்கும் வெப்ப ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றோடு விசிறியைப் பொருத்துவது நல்லது.

பொருத்துவதற்கு முன் அளந்து பாருங்கள். வண்டியின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறு கருவியும் கைப்பேசிச் செயலியும் பல வண்டிகளில் கியர் ஆயிலின் வெப்பத்தைக் காட்டும். காட்டாத வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் குழாயில் ஒரு டி இணைப்பு வைத்து சென்சார் பொருத்தலாம். 80 முதல் 95 டிகிரி வரை இயல்பான நிலை. 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் ஆயில் கெடத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகும், பிறகு கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். சுமையோடு ஏறியும் 95-ஐத் தாண்டாத வண்டிக்கு இந்தச் செலவு வேண்டாம். ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளின் ஆட்டோமேட்டிக் வகைகளுக்கே இது பொருந்தும். கையால் கியர் மாற்றும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. கூலர் போட்டதால் வண்டி இழுக்கக்கூடிய எடை கூடிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். கையேட்டில் உள்ள வரம்புதான் வரம்பு.

கூலர்களில் அடுக்குத் தட்டு வகை, குழாயும் சிறகும் கொண்ட பழைய வகையைவிடச் சிறிய இடத்தில் அதிக வெப்பத்தை வெளியேற்றும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகை அருகே தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில் ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தாலும் கியர் மாற்றம் தாமதமாகும். ஆகவே குளிர்ந்த ஆயிலைக் கூலருக்குள் விடாமல் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் கொண்டதை வாங்குங்கள். இதே காரணத்தால் ரேடியேட்டருக்குள் வண்டியோடே வந்திருக்கும் பழைய கூலரைக் கழற்றிவிடக் கூடாது. அதைச் சுற்றியுள்ள கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், சூடான ஆயிலைக் குளிர்விக்கும், குளிர்ந்த ஆயிலைச் சூடாக்கும். புதிய கூலரை அதற்குப் பின்னால், அதாவது ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் இணைக்க வேண்டும்.

எது திரும்பும் குழாய் என்று ஊகிக்காதீர்கள். கியர் ஆயில் நன்றாகச் சூடாகும்வரை வண்டியை ஓட்டிவந்து நிறுத்தி, இரு குழாய்களின் வெப்பத்தை லேசர் வெப்பமானியால் பாருங்கள். சூடு குறைந்தது திரும்பும் குழாய். பிறகு இன்ஜின் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். கூலரை, ரேடியேட்டருக்கு முன்னே இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால், ஏறத்தாழ ஒரு விரல் இடைவெளி விட்டு, இரும்புப் பட்டைகளால் வண்டியின் சட்டத்தோடு இறுக்குங்கள். கண்டென்சரின் சிறகுகளுக்குள் பிளாஸ்டிக் கம்பிகளைச் செருகிக் கட்டும் முறை வேண்டவே வேண்டாம். குண்டும் குழியுமான தோட்டச் சாலையின் அதிர்வில் அது நாளடைவில் கண்டென்சரை அறுத்துவிடும். குழாய் வாய்கள் மேல்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்காது. ரேடியேட்டர் இணைப்பைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் கூலர் முறுகி, கூலன்ட்டும் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே வீணாகும்.

ஹோஸ் விஷயத்தில் நான் நஷ்டப்பட்டிருக்கிறேன். முதல் முறை கையிலிருந்த டீசல் ஹோஸையே போட்டேன். அளவு சரியாக இருந்தது, கசிவும் இல்லை. ஆனால் சில மாதங்களில் அது சூட்டில் விறைத்து, கேத்தியிலிருந்து கேரட் ஏற்றிவந்த ஒரு மாலையில், குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறுக்கு மேல் இணைப்பருகே வெடித்தது. கசிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டின் மேல் விழுந்து புகைந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் படபடப்பாகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று தயாரித்து, வெப்ப அளவு அச்சிட்ட ஹோஸை மட்டும் வாங்குங்கள். எக்ஸாஸ்ட்டிலிருந்தும் விசிறியிலிருந்தும் விலக்கிக் கொண்டுசெல்லுங்கள், தகட்டை ஊடுருவும் இடங்களில் ரப்பர் வளையம் வையுங்கள்.

கூலரும் ஹோஸும் சேர்ந்து சுமார் அரை லிட்டர் ஆயிலை எடுத்துக்கொள்ளும். கையேட்டில் குறிப்பிட்ட ரக ஆயிலையே ஊற்ற வேண்டும், ரகம் மாறினால் கிளட்சின் பிடிப்பு மாறிவிடும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள வண்டியை சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியர்களையும் ஒருமுறை மாற்றி, கையேடு சொல்லும் சூட்டில் அளவு பார்க்கவும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் குறிப்பிட்ட வெப்பத்தில் திறக்க வேண்டிய மூடி இருக்கும். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பழைய ஆயில் கறுத்துக் கருகிய வாசனை வந்தால், முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் கூலர் பொருத்த வேண்டும்.

முதல் ஓட்டம் வெறும் வண்டியாக இருக்கட்டும். அடுத்த முறை சுமையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி, பர்லியாறில் நிறுத்தி, எல்லா இணைப்புகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஏறும்போது நீங்களே கீழ் கியரைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால், கியர் அடிக்கடி மாறுவது நின்று சூடும் குறையும். வெப்பம் 120-ஐ நெருங்கினால் ஓரமாக நிறுத்தி, கியர் லீவரைப் பார்க் (P) நிலையில் வைத்து, இன்ஜினை அணைக்காமல் சற்று வேகமாக ஓடவிடுங்கள். அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். இப்படிச் சில நடைகள் போனபின், இன்ஜின் ஆறியிருக்கும் ஒரு காலையில் கிளாம்புகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிவிடுங்கள்.